டேங்க் கழுவுற காசு யார் கணக்கு?

கயத்தாறு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1799 அக்டோபர் 16, கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம். அதற்கப்புறம் காற்றாலை. இந்த இரண்டையும் விட்டால், கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற ஊர். இந்தக் கட்டுரை கட்டபொம்மனைப் பற்றியது அல்ல, காற்றாலையைப் பற்றியதும் அல்ல. நாற்கரச் சாலை ஓரத்து ஒர்க் ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தியிருக்கும் ஒரு பழைய ஆம்னி வேனின் பெட்ரோல் டேங்க்கைப் பற்றியது. சிரிக்காதீர்கள். கட்டபொம்மன் சண்டையும் கிஸ்திப் பணத்தில்தானே ஆரம்பித்தது!

அந்த ஒர்க் ஷாப் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம். மழைக்காலத்தில் போய் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்குது. ஏத்தத்துல திக்கித் திக்கி நிக்குது."

"டேங்க்க எப்போ கழுவுனீங்க?"

"வாங்குனதுலேர்ந்து கழுவுனதே இல்லயே..."

"அதான்!"

இந்த 'அதான்' இருக்கிறதே, அதுதான் விவகாரம். ஒரே வார்த்தையில் குற்றவாளி யார் என்று தீர்ப்பு ஆகிவிட்டது. வண்டிக்காரர். அவர்தான் டேங்க்கைக் கழுவவில்லை. எனவே டேங்க்கை இறக்கி ஏற்ற கூலி, புது ஃபில்டர், வீணாய்ப் போன பெட்ரோல், வண்டி நின்ற இரண்டு நாள் வாடகை நட்டம், எல்லாம் அவர் தலையில். கடைசியில் 'இனிமே மாசம் ஒரு பாட்டில் ஊத்துங்க' என்று பெட்ரோலில் கலக்கிற மருந்து ஒன்றையும் கையில் கொடுப்பார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று: மூடி போட்டுப் பூட்டிய டேங்க்குக்குள் அந்த அழுக்கு எப்படி வந்தது? வண்டிக்காரரா அள்ளிப் போட்டார்?

ஒரு டேங்க்கில் என்னென்ன சேரும் என்று பார்த்தால் பதில் தானாக வரும். முதலாவது துரு. பழைய வண்டிகளின் டேங்க் இரும்புத் தகடு. பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டி நாட்கணக்கில் நின்றால் மேல் பாதியில் இருக்கிற காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து சொட்டாகும். அந்தச் சொட்டு துருவாகும். (புது வண்டிகளில் டேங்க் பிளாஸ்டிக். துரு தொல்லை இல்லை, மற்ற தொல்லை எல்லாம் உண்டு.) இரண்டாவது பிசின். பெட்ரோல் நாள்பட்டால் காற்றோடு சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த வண்டியின் மூடியைத் திறந்தால் அடிக்கிற புளித்த நாற்றம் அதுதான். இந்த இரண்டும் வண்டிக்காரர் பங்கு என்று ஒத்துக்கொள்ளலாம். வண்டியை ஓட்டாமல் போட்டு வைத்தது அவர்தானே.

மூன்றாவது தண்ணீர். நாலாவது, பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தே வந்து சேர்கிற தூசி, சகதி. இந்த இரண்டும் பெரும்பாலும் வாங்கின சரக்கோடு வந்தவை. காசு கொடுத்து வாங்கியவை! அரிசியில் கல் இருந்தால் கடைக்காரரைக் கேட்கிறோம். பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் மட்டும் பானையைக் கழுவவில்லை என்று வீட்டுக்காரியைத் திட்டுவது என்ன நியாயம்?

'காலி டேங்க்கோடு ஓட்டாதே, அடிச் சகதியை உறிஞ்சிவிடும்' என்று ஒரு உபதேசம் ஊர் முழுக்க உண்டு. டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் பெட்ரோலை உறிஞ்சுகிற வாய் அடியில்தான் இருக்கிறது. சகதி இருந்தால் முழு டேங்க்கிலும் அதைத்தான் உறிஞ்சும். டேங்க்குக்குள்ளேயே மோட்டார் வைத்த வண்டிகளில் அந்த மோட்டாரைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான் என்பதால் காலியாக ஓட்டக் கூடாது. அது வேறு காரணம். ஆனால் உபதேசத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். இதிலும் தப்பு வண்டிக்காரர் மேல்தான்.

இப்போது எத்தனால் கதைக்கு வரலாம். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கிற சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கிற திட்டம் 2003லேயே 5 சதவீதத்தில் ஆரம்பித்தது. தமிழ்நாடும் அந்த முதல் பட்டியலில் இருந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம் ஆனது. 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த கெடு 2030. அதை 2025க்கு முன்னால் இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் 84 பங்க்குகளில் ஆரம்பித்து, 2025க்குள் நாடு முழுக்க அதே சரக்கு. கயத்தாறு பங்க்கிலும் அதுதான், காஷ்மீர் பங்க்கிலும் அதுதான். ஐந்து வருஷம் முன்னால் கெடுவை இழுத்தபோது, ரோட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான பழைய வண்டிகளின் டேங்க்குகளை யாரும் ஐந்து வருஷம் புதுசாக்கவில்லை.

எத்தனாலுக்கு இரண்டு குணம். ஒன்று, அது கரைக்கும். வருஷக்கணக்கில் டேங்க் சுவரில் படிந்து, யாருக்கும் தொந்தரவு தராமல் ஒட்டிக்கொண்டிருந்த பிசினையும் துருப்பொடியையும் கிளப்பிவிட்டு ஃபில்டருக்கு அனுப்பும். பழைய வண்டி திக்குவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது குணம், அது தண்ணீரை இழுக்கும். வெறும் பெட்ரோலும் தண்ணீரும் சேராது. தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும், வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோலோ கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். அது வரைக்கும் நல்லதுதான், எரிந்து போய்விடும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. 10 சதவீதக் கலவையில் அந்த எல்லை சுமார் அரை சதவீதம்; 40 லிட்டர் டேங்க்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர். 20 சதவீதக் கலவை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டினால் தண்ணீர் மட்டும் பிரியாது, எத்தனாலையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடியில் இறங்கும். 40 லிட்டரில் 8 லிட்டர் எத்தனால் என்றால் அடியில் நிற்பது டம்ளர் கணக்கு அல்ல, லிட்டர் கணக்கு. உறிஞ்சுகிற வாய் இருப்பது அந்த அடியில்தான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வாதம் வெறும் புலம்பல். மத்திய அரசு சொல்கிறது: 2014-15லிருந்து 2025 ஜூலை வரை இந்தக் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம், விவசாயிகளுக்கும் பணம் போயிருக்கிறது, புகையும் குறைவு. நல்லது. கரும்பு விவசாயியின் வயிற்றில் அடிக்க யாருக்கும் ஆசை இல்லை. எத்தனாலைக் 'கலப்படம்' என்று வாட்ஸ்அப்பில் கூவுவதும் தப்பு. அது அளவோடு, தர நிர்ணயத்தோடு சேர்க்கிற எரிபொருள். கேள்வி வேறு. நாட்டுக்கு வரவு 1.44 லட்சம் கோடி என்றால் அதற்கு எதிர்ப் பக்கத்தில் பற்று எழுத வேண்டாமா? முதல் செமஸ்டர் கணக்குப்பதிவியல் படித்த பையனுக்கும் தெரியும், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. அந்தப் பற்று எழுதப்படாமல் கயத்தாறு ஒர்க் ஷாப்பில் பழைய ஆம்னிக்காரரின் சட்டைப் பையிலிருந்து ரசீது இல்லாமல் போகிறது.

எவ்வளவு? பழைய, எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காகச் செய்த கார்களில் மைலேஜ் 6லிருந்து 7 சதவீதம் குறையும் என்று எழுதியது எதிர்க்கட்சி அல்ல, 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அவ்வளவுதான் விஷயம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற ஒரு வேன் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் போட்ட இடத்தில் 106 லிட்டருக்கு மேல் போட வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றே கணக்குப் போட்டாலும் மாதம் 600க்கு மேல், வருஷத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல். டேங்க் கழுவுகிற செலவு இதில் சேராது. அந்த அறிக்கையே இன்னொன்றும் சொன்னது: சக்தி குறைவதற்கு ஈடாக இந்தப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று. கலப்பு வந்தது. விலைக் குறைப்பு மட்டும் வழியில் எங்கோ பஞ்சர் ஆகி நின்றுவிட்டது. கேட்டால், எத்தனால் வாங்குகிற விலையே லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல் போய்விட்டது என்று கணக்குக் காட்டுகிறார்கள். வாங்குகிறவர்கள் கஷ்டம் புரிகிறது. போடுகிறவர் கஷ்டம்?

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கம் இன்னும் சுவாரஸ்யம். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000லிருந்து 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம், ஆனால் அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் என்றார்கள். மேலே சொன்ன வேன் வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக, ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை. செலவு குறைவுதான், சரி. குறைவான செலவு என்றால் செலவு வைத்தவரே கொடுத்துவிடலாமே!

எத்தனால் இல்லாத பெட்ரோலும் ஒரு தேர்வாகக் கிடைக்க வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பிரேசிலைப் பார் என்கிறார்கள் ஆதரவாளர்கள். பார்க்கலாமே. பிரேசில் 1975லிருந்து இந்த வேலையில் இருக்கிறது. எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடுகிற கார்கள் அங்கே 2003லிருந்து விற்பனையில் உண்டு. வண்டியைத் தயார் செய்துவிட்டு அதற்கப்புறம் அளவை ஏற்றினார்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீதம் கொண்டுவந்தபோது பழைய வண்டிகளுக்காக 5 சதவீதப் பெட்ரோலையும் தனியாக வைத்தார்கள்; உங்கள் வண்டிக்கு இது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள அரசே ஒரு பக்கம் திறந்தது. பத்து சதவீதத்துக்கே அங்கே அந்த மரியாதை. இங்கே இருபது, ஒரே குழாய், வேண்டாம் என்றால் தள்ளிக்கொண்டு போ.

சாராயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெறும் தண்ணீர் பிரச்சினையில் யாருக்கு என்ன நீதி என்று பார்க்க வேண்டுமானால் மத்தியப் பிரதேசம் ரத்லாமுக்குப் போக வேண்டும். 2025 ஜூன் கடைசி வாரம். முதலமைச்சர் மோகன் யாதவின் பயணத்துக்காக வந்த 19 கார்கள் ஒரு பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போனதும் வரிசையாக நின்றுவிட்டன. டேங்க்குகளைக் கழற்றிப் பார்த்தால் டீசலோடு தண்ணீர். மழைத்தண்ணீர் பங்க்கின் தொட்டிக்குள் இறங்கியிருக்கலாம் என்றார்கள். என்ன ஆச்சு? ராத்திரியோடு ராத்திரியாக அதிகாரிகள் வந்தார்கள், பங்க்குக்கு சீல் வைத்தார்கள், இந்தூரிலிருந்து மாற்று வண்டிகள் வந்து சேர்ந்தன. 'டேங்க்க எப்போ கழுவுனீங்க?' என்று முதலமைச்சரின் டிரைவரை யாராவது கேட்டிருப்பார்களா? கேட்கவே மாட்டார்கள். 19 வண்டி ஒரே நேரத்தில் நின்றதால் தப்பு பங்க்கில் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்தது. கயத்தாறில் நிற்பது ஒவ்வொன்றாக, வேறு வேறு நாளில், வேறு வேறு ஒர்க் ஷாப்பில். அதனால் ஒவ்வொன்றும் 'அதான்'.

முன்னாலும் டேங்க்கில் அழுக்கு வந்தது. ரேஷன் மண்ணெண்ணெயைப் பெட்ரோலிலும் டீசலிலும் கலந்து விற்ற காலம் அது. கலப்பதைப் பிடிக்கப் போனவர்கள் செத்தார்கள். உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் கலப்படப் பங்க்கைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 27. 2011 ஜனவரியில் மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவனேயை உயிரோடு எரித்தார்கள். அப்போது டேங்க்கில் சகதி என்றால் எதிரில் ஒரு திருடன் இருந்தான், அவனைப் பிடிக்கச் சட்டம் இருந்தது, உயிரைக் கொடுத்த அதிகாரிகளும் இருந்தார்கள். இப்போது திருடன் இல்லை. அதனாலேயே பொறுப்பாளியும் இல்லை என்று ஆகிவிட்டது. பங்க்காரரைக் கேட்டால் லாரியில் வந்ததை விற்கிறேன் என்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நிலத்தடித் தொட்டியும் மெஷினும் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. ஒரு துளி தண்ணீர் இறங்கினாலும் வினையாகிற சரக்கை ஊற்றுகிறவர்கள்தான், மழைக்கு முன்னால் அந்தத் தொட்டிகளின் மூடியையும் குழாயையும் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

சோதனை கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். ஃபில்டர் பேப்பர் சோதனை, அடர்த்தி பார்ப்பது, 5 லிட்டர் அளவு, எல்லாம் வாடிக்கையாளர் உரிமை. ஆனால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டு, கறை இல்லாமல் ஆவியாகிறதா என்று பார்ப்பது மண்ணெண்ணெய்க் காலத்துச் சோதனை. எத்தனாலும் கறை வைக்காமல் ஆவியாகும். தொட்டிக்குள் தண்ணீர் பார்க்க அளவுகோலில் தடவுகிற பசை இருக்கிறது. சாதாரணப் பசை எத்தனால் கலந்த அடித்தண்ணீரைச் சரியாகக் காட்டாது, அதற்கென்று செய்த பசை வேண்டும். பங்க்கில் எந்தப் பசை, எத்தனை மணிக்கு, என்ன காட்டியது என்று மழைக்காலத்தில் தினமும் போர்டில் எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்? விலையைத்தான் தினமும் மாற்றி எழுதுகிறார்களே.

இந்தக் கணக்கில் இன்னொருவர் பங்கும் இருக்கிறது, அது காசு அல்ல. டேங்க்கைக் கழுவுகிற பையன். டியூபை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறான்; ஒரு வாய் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். துரு போக உள்ளே நட்டும் ஜல்லியும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்குகிறான். ஓட்டை இருந்தால் பக்கத்து வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ள அது போதும். வடித்த டேங்க்கின் மடிப்புகளில் அந்த ஆவி நாட்கணக்கில் நிற்கும். மூடிய தொட்டி என்ன செய்யும் என்று தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் பழைய துறைமுகத்தில் ஒரு பார்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அதில் பெட்ரோல்கூட இல்லை. கப்பலிலும் பெரிய எண்ணெய்த் தொட்டிகளிலும் கழுவி எடுக்கிற சகதியை 2016 விதிகள் அபாயக் கழிவு என்கின்றன. ஒர்க் ஷாப்பில் அதே ஜாதிச் சகதி வாளியில் இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைக்கிறார்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. பழைய வண்டிகள் ரோட்டில் இருக்கிற வரைக்கும் பங்க்கில் ஒரு குழாயாவது குறைந்த கலப்புக்கு. முடியாது என்றால் நிதி ஆயோக் சொன்ன விலைக் குறைப்பு. டேங்க்கில் தண்ணீர் என்று நிரூபணமானால் கழுவுகிற கூலியும் ஃபில்டர் காசும் எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில்.

அதுவரை சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. ஆனால் ஆணையம் இரண்டு பொருள் கேட்கும். ஒன்று, அந்தப் பங்க்கில்தான் போட்டீர்கள் என்பதற்கு பில். இன்னொன்று, டேங்க்கிலிருந்து வடித்த மாதிரி, மூடிய பாட்டிலில், சாட்சியோடு.

ஆம்னிக்காரர் பில் வாங்கவில்லை. பாட்டில் இருந்தது, மேலே பெட்ரோல், அடியில் நாலு விரல்கடை கலங்கல் தண்ணீர், கோடு போட்டது மாதிரி தனித்தனியாக நின்றது. அவர் கூலியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பையன் மேலே இருந்ததை ஸ்பேனர் கழுவுகிற தட்டில் சாய்த்துக்கொண்டு, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினான்.